ஹா பார் வில்லாவில் ஒரு நாள்: மாமியாரையும் மகனையும் கூட்டிக்கொண்டு போகலாமா?

கேள்வி: டிசம்பர் கடைசியில் குடும்பத்தோடு சிங்கப்பூர் போகிறோம். முதல் மூன்று நாட்கள் சென்டோசா, பறவைப் பூங்கா என்று ஓட்டமாகவே இருக்கும். நான்காவது நாளை நிதானமாகக் கழிக்க ஹா பார் வில்லா சிலைத் தோட்டத்துக்குப் போகலாம் என்கிறார் கணவர். மாமியாருக்கு 67 வயது, முழங்கால் வலி உண்டு. மகனுக்கு 8 வயது. அங்கே நரகக் காட்சிகள் இருக்கின்றன என்று கேள்விப்பட்டதிலிருந்து தயக்கமாக இருக்கிறது. போகலாமா? போனால் எப்படித் திட்டமிடுவது?

பதில்: தாராளமாகப் போங்கள். ஆனால் கதை தெரிந்துகொண்டு போங்கள். ஹா பார் வில்லாவில் இருப்பவை தனித்தனிச் சிலைகள் அல்ல, கதைக் காட்சிகள். கதை தெரியாமல் போனால் பளிச்சென்று வண்ணம் பூசிய சிமென்ட் உருவங்களாகத்தான் தெரியும். அரை மணி நேரத்தில் போட்டோ எடுத்து முடித்துவிட்டு, அப்புறம் என்ன செய்வது என்று நிற்பீர்கள். கதை தெரிந்தால் ஒரு காலைப் பொழுது போவதே தெரியாது. அதனால் முதலில் கதைகளைச் சொல்கிறேன்.

சிங்கப்பூர் போனவர்கள் பெட்டியில் கோடாலித் தைலத்தோடு வாங்கி வரும் டைகர் பாம் டப்பா உங்கள் மாமியாருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். அந்தத் தைலத்தை உலகமெங்கும் விற்றுச் செல்வம் சேர்த்த ஆவ் பூன் ஹா, தம்பி ஆவ் பூன் பாருக்காகக் கட்டிய மாளிகையும் தோட்டமும்தான் இது. அண்ணன் பெயரிலிருந்து ஹா, தம்பி பெயரிலிருந்து பார். இருவரும் ரங்கூனில் சீன வைத்தியர் ஒருவருக்குப் பிறந்தவர்கள். 1937இல் மாளிகை எழுந்தது. ஐந்தே ஆண்டுகளில் ஜப்பானியர் சிங்கப்பூரைப் பிடித்தார்கள்; கடலைப் பார்த்த இந்த மேடு அவர்களுக்குக் கப்பல்களைக் கண்காணிக்கும் இடமானது. ரங்கூனுக்குப் போய்விட்ட தம்பி 1944இல் அங்கேயே இறந்தார். போருக்குப் பின் திரும்பி வந்த அண்ணன், சிதைந்து கிடந்த மாளிகையை இடித்துவிட்டு, 1954இல் தான் இறக்கும்வரை தோட்டத்தில் சிலைகளைச் சேர்த்துக்கொண்டே இருந்தார். எந்த நல்லொழுக்கக் கதைகளைக் கேட்டுச் சீனக் குழந்தைகள் வளர்ந்தார்களோ, அவற்றைப் படிக்காதவர்களும் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அவர் ஆசை. 1990களில் இதைக் கட்டணம் வாங்கும் கேளிக்கைப் பூங்காவாக மாற்றிப் பார்த்தார்கள், எடுபடவில்லை. இப்போது தோட்டத்துக்குள் நுழையக் கட்டணம் கிடையாது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட உருவங்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் பார்க்க முயல வேண்டாம். நாலைந்து காட்சிகள் போதும்.

பையனுக்கு முதலில் காட்ட வேண்டியது குரங்கு வீரனின் கதை. மந்திரக் கோல் ஏந்திய சன் வுகாங் என்ற குரங்கு, பன்றி முகத்தோடு ஒருவன், மணல் ஆற்றிலிருந்து வந்த ஒருவன், இந்த மூவர் துணையோடு ஒரு பௌத்தத் துறவி இந்தியாவுக்குச் சமய நூல்களைத் தேடி வருகிறார். வழியெல்லாம் பேய்களும் மாயப் பெண்களும் துறவியைப் பிடிக்கப் பார்க்கிறார்கள். 16ஆம் நூற்றாண்டுச் சீன நாவல் இது. ஆனால் அந்தத் துறவி கற்பனை ஆள் இல்லை. பள்ளிக்கூடத்தில் நாம் படித்த யுவான் சுவாங்தான் அவர். ஏழாம் நூற்றாண்டில், பல்லவர் காலத்தில், நம் காஞ்சிபுரம்வரை வந்து அந்த ஊரைப் பற்றி எழுதி வைத்தவர். கோயம்புத்தூரோ காரைக்குடியோ, எந்த ஊர்ப் பிள்ளையாக இருந்தாலும் “காஞ்சிபுரத்துக்கு வந்தவர்டா இவர்” என்று சொன்னால் அந்தச் சிலையை இன்னொரு தடவை பார்ப்பான். குரங்கைப் பார்த்ததும் மாமியார் அனுமனை நினைப்பார். அப்படி நினைத்த ஆய்வாளர்களும் உண்டு, மறுப்பவர்களும் உண்டு.

அடுத்து, மருமகள் ஒருத்தி மாமியாருக்குத் தாய்ப்பால் கொடுக்கும் காட்சி. முன்னறிவிப்பு இல்லாமல் எதிர்ப்பட்டால் உங்கள் இருவருக்குமே சங்கடமாகிவிடும், அதனால்தான் சொல்லி வைக்கிறேன். பெற்றோரையும் பெரியவர்களையும் பேணியவர்களைப் பற்றிச் சீனர்கள் போற்றும் 24 கதைகளில் அது ஒன்று. பல்லெல்லாம் விழுந்து எதையும் மெல்ல முடியாத கிழவியை, கைக்குழந்தைக்காரியான மருமகள் தன் பாலைக் கொடுத்துக் காப்பாற்றினாள் என்பது கதை. கதையைச் சொல்லிவிட்டுக் காட்டினால் மாமியார் அந்த இடத்தில் நின்றுதான் வருவார். வெள்ளைப் பாம்பு மானிடப் பெண்ணாகி ஒருவனை மணந்த கதையும், எண்மராகக் கடலைத் தாண்டும் சித்தர்களும் அவருக்குப் பிடிக்கும்.

எந்தச் சிலையாக இருந்தாலும் ஓரிடத்திலாவது கிட்டப் போய்ப் பாருங்கள். உள்ளே கம்பிக்கூடு, மேலே சிமென்ட், அதற்கு மேல் வண்ணம். நம் கோபுரத்துச் சுதைச் சிற்பங்களுக்குக் குடமுழுக்குக்கு முன் வண்ணம் தீட்டுவதுபோல இவற்றுக்கும் அவ்வப்போது தீட்டியாக வேண்டும். வெயிலும் விடாத ஈரமும் வண்ணத்தைச் சீக்கிரம் உரித்துவிடுகின்றன. விரல் நுனியிலோ பாறை விளிம்பிலோ பூச்சு பெயர்ந்த இடத்தில் பழைய வண்ணங்கள் அடுக்கடுக்காகத் தெரியும். கையால் மட்டும் தொட வேண்டாம் என்று பையனிடம் சொல்லிவிடுங்கள்.

சரி, நரகம். பத்து அரசர்கள் வீற்றிருக்கும் பத்து நீதிமன்றங்கள் அவை. ஐந்தாவதில் இருப்பவர் நம் யமன்தான். பௌத்தத்தோடு சீனாவுக்குப் போனவர். குற்றத்துக்கு ஏற்ற தண்டனை. வரி ஏய்த்தவனைக் கல் உலக்கையால் இடிக்கிறார்கள், சோற்றை வீணாக்கியவனை ரம்பத்தால் அறுக்கிறார்கள். உருவங்கள் சிறியவை, ஆனால் ரத்தமும் குடலும் அப்பட்டமாக இருக்கும். இரவில் தனியாகப் படுக்கப் பயப்படும் பிள்ளை என்றால் கூட்டிப் போகாதீர்கள். 8 வயதுக்கு இது கொஞ்சம் சீக்கிரம் என்பதே என் கருத்து. நல்ல வேளையாக இந்தப் பகுதி இப்போது தனி நரக அருங்காட்சியகத்துக்குள், தனிக் கட்டணத்தில் இருக்கிறது. வழியில் தற்செயலாகக் கண்ணில் பட்டுவிடுமோ என்ற கவலை வேண்டாம். நீங்களும் கணவரும் மாறி மாறிப் போய் வரலாம். போனால் பத்தாவது மன்றத்தை அவசரமாகக் கடக்காதீர்கள். தண்டனை முடிந்த உயிருக்கு ஒரு கிழவி மறதிப் பானம் தருகிறாள். அதைக் குடித்தால் முன் வாழ்வு முழுவதும் மறந்துபோகும், அப்புறம்தான் மறுபிறவி. தண்டனைகளைவிட அந்தக் கிழவிதான் எனக்குப் பெரிதாகப் படுகிறாள்.

இனி முழங்கால் விஷயம். தோட்டம் மேட்டில் இருக்கிறது. வாசலிலிருந்து உள்ளே போகும் வழியே ஏற்றம்தான். மேலே போகப் போகப் படிகள். முழங்கால் வலிக்காரர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் சிரமம், அதனால் மாமியாரை உச்சிவரை கூட்டிப் போக வேண்டாம். கீழ்ப்பகுதியில் உள்ள காட்சிகளை எல்லோருமாகப் பார்த்துவிட்டு, அவரை நிழலில் உட்கார வைத்து, ஒருவர் துணை இருக்க, மற்றவர்கள் மேலே போய் வாருங்கள். பிடி உறுதியான நீளக் குடை ஒன்று இருந்தால் ஊன்றுகோலுக்கும் ஆகும், மழைக்கும் ஆகும்.

மழை நிச்சயம் கணக்கில் இருக்க வேண்டும். டிசம்பர் அங்கே வடகிழக்குப் பருவமழைக் காலம். மதியத்துக்கு மேல் கொட்ட வாய்ப்பு அதிகம். ஈரமான சிமென்ட் படியில் வழுக்கும். காலை 9 மணிக்குத் தோட்டம் திறக்கும்போதே உள்ளே இருங்கள். 12 மணிக்குள் வெளியே வந்துவிடலாம். இடி இடித்தால் மேட்டிலும் மரத்தடியிலும் நிற்காமல் கட்டடத்துக்குள் போய்விடுங்கள். அருங்காட்சியகம் திங்கட்கிழமை மூடியிருக்கும். நேரமும் கட்டணமும் மாறக்கூடியவை, முந்தின நாள் அதன் இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். குளங்களும் செடிகளும் நிறைந்த இடம். டெங்கு உள்ள ஊர் என்பதால் காலிலும் கையிலும் கொசு விரட்டி பூசிக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீரை அங்கே அப்படியே குடிக்கலாம், பாட்டில் இருந்தால் போதும்.

போக்குவரத்துக்கு வண்டி பிடிக்க வேண்டியதில்லை. வட்டப் பாதை ரயிலில் ஹா பார் வில்லா என்ற பெயரிலேயே நிலையம் இருக்கிறது, வெளியே வந்தால் பக்கத்திலேயே தோட்டம். திரும்பும்போது அதே ரயிலில் ஆறாவது நிறுத்தமான பொட்டானிக் கார்டன்ஸில் இறங்கி, டவுன்டவுன் பாதைக்கு மாறினால் மூன்றாவது நிறுத்தம் லிட்டில் இந்தியா. நீங்கள் சைவமாக இருந்தால் மதியச் சாப்பாட்டை அங்கே வைத்துக்கொள்வதுதான் வசதி; ஆனந்த பவனும் கோமள விலாஸும் பல தலைமுறைகளாக அங்கே நடக்கின்றன. அன்றைக்கு வேறு எந்த இடத்துக்கும் டிக்கெட் எடுத்து வைக்காதீர்கள். சாப்பிட்டதும் மாமியாருக்குக் கால் வலித்தால் அறைக்குத் திரும்பிவிடலாம். வலிக்காவிட்டால் பக்கத்திலேயே, சிராங்கூன் சாலையில், வீரமாகாளியம்மன் கோயில் இருக்கிறது. மாலை நடை திறக்கும் நேரத்தை மட்டும் விசாரித்துக்கொண்டு போங்கள்.