சட்ட ஆலோசனை: பின்சந்து லோங்காங்கில் கருப்பெண்ணெய்

கேள்வி: வணக்கம். நான் செம்பனை லாரி ஓட்டி ஓய்வுபெற்றவன், வயது 63. மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துக் கோல லங்காட் பக்கம் ஓர் எஸ்டேட் பட்டணம். தோட்டத்தை விற்றபோது கிடைத்த மலிவு விலை வீட்டில் இருக்கிறோம். எங்கள் பின்சந்தின் மேல்முனையில் ஒரு கார் ஒர்க்‌ஷாப், அதையொட்டி ஒரு சாப்பாட்டுக் கடை. ஒர்க்‌ஷாப்பில் கழிக்கும் கருப்பெண்ணெய், கடையின் கொழுப்புத் தண்ணீர் எல்லாம் லோங்காங்கில், அதாவது தெரு வடிகாலில்தான். பெருமழை என்றால் அந்தத் தண்ணீர் வீட்டுக்குள்ளேயே வந்துவிடுகிறது. லோங்காங் பெரிய பாரிட்டில் (வாய்க்காலில்) விழுந்து, லங்காட் ஆறு வழியாகக் கடலுக்குப் போகிறது. என் மச்சான் முகத்துவாரத்தில் இறால் பிடிப்பவர். வலையெல்லாம் எண்ணெய் என்கிறார். நகராண்மைக் கழகத்தில் மூன்று முறை வாய்மொழியாகச் சொல்லிவிட்டேன். அது தோட்ட நிலத்து லோங்காங் என்கிறார்கள். அவர்கள் மேல் வழக்குப் போடலாமா? ஒர்க்‌ஷாப்காரர் நம் தோட்டத்துப் பையன், அது வேறு சங்கடம். நான் சமையல்கட்டைப் பின்னால் நீட்டி லோங்காங்கை மூடியிருக்கிறேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று நினைக்கிறேன்.

பதில்: ஐயா, சம்பந்தம் இருக்கிறது. முதலில் அதைப் பேசிவிடுவோம். நீங்கள் புகார் கொடுத்து அதிகாரி வந்தால், அவர் கண்ணில் முதலில் படுவது மேல்முனை ஒர்க்‌ஷாப் அல்ல, உங்கள் சமையல்கட்டு. 1974-ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி அனுமதி இல்லாமல் நீட்டிய கட்டடத்தை இடிக்கச் சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. மேலே மூடிவிட்டால் லோங்காங்கைத் தூர்வாரவும் முடியாது. தண்ணீர் உங்கள் வீட்டுக்குள் வருவதற்கு அதுவே பாதிக் காரணமாக இருக்கலாம். எனவே மூடியிருக்கும் பலகையைத் தூக்கி எடுக்கும்படி மாற்றுங்கள். சமையல்கட்டுக்கு அனுமதி கேட்க முடியுமா என்று வரைபடக்காரர் ஒருவரிடம் விசாரியுங்கள். அதன்பிறகு புகார் கொடுக்கலாம்.

உங்கள் கடிதத்தில் இரண்டு வழக்குகள் ஒன்றாக முடிச்சுப் போட்டுக் கிடக்கின்றன. வீட்டுக்குள் தண்ணீர் ஏறுவது ஒன்று. தண்ணீரில் எண்ணெய் இருப்பது இன்னொன்று. முதலாவதுக்கு ஒர்க்‌ஷாப்காரரைக் குறை சொல்ல முடியாது. நம் கரையோரத்தில் பண்டு, அதாவது தடுப்புக் கரை கட்டி, பாரிட் முனையில் மதகு வைத்திருக்கிறார்கள். கடல் ஏறும் நேரத்தில் மதகை மூடினால் மழைத் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. பின்வாங்கி வந்து தாழ்வான வீடுகளில் ஏறும். அடுத்த முறை தண்ணீர் வந்தால் நேரத்தைக் குறித்து, அன்றைய கடல் ஏற்ற அட்டவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒத்துப் போனால் அது வடிகால் நீர்ப்பாசனத் துறை, அதாவது ஜே.பி.எஸ். பார்க்க வேண்டிய விஷயம்.

எண்ணெய் விஷயத்தில் சட்டம் உங்கள் பக்கம் பலமாக நிற்கிறது. லோங்காங் கழிவுநீர்க் குழாய் அல்ல. அதில் விழுவது எந்தச் சுத்திகரிப்பு நிலையத்துக்கும் போகாமல் நேராகக் கடலுக்குப் போகிறது. 1974-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டம் 'உள்நாட்டு நீர்நிலை' என்பதற்குத் தரும் விளக்கத்தில் ஆறும் உண்டு, லோங்காங்கும் உண்டு, கரையை ஒட்டிய கடலும் உண்டு. "நான் கடலில் ஊற்றவில்லை, லோங்காங்கில்தான் ஊற்றினேன்" என்ற வாதம் அந்த ஒரு வரியில் செத்துப்போகும். இப்படிப்பட்ட நீரை மாசுபடுத்துவது 25-ஆம் பிரிவின் கீழ் குற்றம்.

கருப்பெண்ணெய்க்கு அதைவிடக் கடுமை. கழித்த என்ஜின் எண்ணெய் 2005-ஆம் ஆண்டு விதிமுறைகளில் எஸ்.டபிள்யூ. 305 என்ற எண்ணோடு பட்டியலில் இருக்கிறது. அதிகாரிகள் 'புவாங்கான் தெர்ஜாடுவால்' (பட்டியலிட்ட கழிவு) என்று சொல்வது இதைத்தான். டிரம்மில் பிடித்து, லேபிள் ஒட்டி, 180 நாளுக்கு மேல் வைத்திருக்காமல், உரிமம் பெற்றவரிடம்தான் ஒப்படைக்க வேண்டும். 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கில் சுங்கை கிம் கிம் ஆற்றில் கழிவைக் கொட்டியதில் நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிக்கூடங்களை மூடினார்களே, நினைவிருக்கும். அதன்பிறகு அரசாங்கம் இந்தச் சட்டத்தை இறுக்கியது. 2024 திருத்தத்துக்குப் பின் கடுமையான குற்றங்களுக்கு அபராதம் 1 கோடி வெள்ளி (ரிங்கிட்) வரை போகலாம். ஒரு சின்ன ஒர்க்‌ஷாப் மேல் அவ்வளவு போடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்த எண்ணைக் கேட்டாலே அந்தப் பையன் டிரம் வாங்கிவிடுவார்.

அதனால், புகாருக்கு முன்னால் ஒருமுறை அவரிடம் நேரில் போய்ப் பேசுங்கள். கோயில் கூட்டத்தில் நாலு பேர் முன்னால் வேண்டாம். கடை மூடும் நேரத்தில், தனியாக. கழித்த எண்ணெய்யைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு போகிற, உரிமம் பெற்றவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லுங்கள். பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும்.

முடியவில்லை என்றால், நகராண்மைக் கழகத்தின் மேல் வழக்குப் போடுவதில் ஆரம்பிக்காதீர்கள். அந்த வழி நீண்டது. பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டப்படி 36 மாதத்துக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். அந்தக் கெடுவுக்குள் போட்டாலும், மேலே சொன்ன கட்டடச் சட்டத்தின் 95-ஆம் பிரிவு அவர்களுக்குக் கேடயம். 1993-இல் இடிந்து 48 பேரைப் பலிகொண்ட ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடி வழக்கில், 2006-இல் கூட்டரசு நீதிமன்றம் அந்தக் கேடயத்தை ஏற்று அங்குள்ள நகராண்மைக் கழகத்தைப் பொறுப்பிலிருந்து விடுவித்தது. இடிந்த அடுக்குமாடிக்கே அப்படி என்றால், அடைத்த லோங்காங்குக்கு நான் உங்களை நீதிமன்றப் படியேறச் சொல்ல மாட்டேன்.

நகராண்மைக் கழகத்தின் கையில் இருக்கும் பெரிய ஆயுதம் லைசென்ஸ். 1976-ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டத்தின் 107-ஆம் பிரிவின்படி, தான் கொடுத்த லைசென்ஸை எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம், நஷ்டஈடும் கிடையாது. அதே சட்டத்தின் 69-ஆம் பிரிவு பொது லோங்காங்கில் அசுத்தம் போடுகிறவருக்கு 2,000 வெள்ளி வரை அபராதமோ ஒரு வருடம் வரை சிறையோ விதிக்கிறது. 2,000 வெள்ளியை ஒரு நாள் வியாபாரத்தில் எடுத்துவிடுவார்கள். லைசென்ஸ் போனால் கடையே போச்சு. எனவே புகாரை லைசென்ஸ் பிரிவுக்கு எழுதுங்கள், அதுவும் புதுப்பிக்கும் காலம் வருவதற்கு முன்னால். சாப்பாட்டுக் கடைக்கு எண்ணெய்ப் பொறி, அதான் 'பெராங்காப் மின்யாக்', இருக்கிறதா, அதைக் கழுவுகிறார்களா என்று கேட்டாலே போதும்.

மூன்று முறை வாய்மொழியாகச் சொன்னேன் என்கிறீர்கள். ஐயா, வாய்மொழிப் புகார் நடந்ததாகவே கணக்கில்லை. மலாயில் ஒரு பக்கம் எழுதி, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொரு நகல் சுற்றுச்சூழல் துறைக்கு, அதாவது ஜாஸுக்கு. ஆறு சம்பந்தப்பட்டதால் சிலாங்கூரில் நீர் நிர்வாக வாரியமான லுவாஸுக்கும் ஒன்று. 'தோட்ட நிலம்' என்ற பதிலுக்கு மாவட்ட நில அலுவலகத்தில் அதிகாரபூர்வத் தேடல் செய்து பாருங்கள். நிலம் உண்மையிலேயே கம்பெனி பேரில் இருந்தால் தூர்வாரும் பொறுப்பு அவர்களிடம் போகலாம். ஆனால் எண்ணெய் ஊற்றிய குற்றம் நிலம் யாருடையது என்று பார்ப்பதில்லை.

ஆதாரத்துக்கு, பல நாள் வெயிலுக்குப் பிறகு வரும் முதல் மழையைப் பிடியுங்கள். தரையிலும் லோங்காங்கிலும் படிந்ததெல்லாம் முதல் அரைமணி நேரத்தில்தான் அடித்துக்கொண்டு வரும். அதற்குப்பின் எடுத்த படத்தில் தண்ணீர் தெளிந்துவிடும். ஒர்க்‌ஷாப்புக்கு மேலே ஒரு படம், கீழே ஒரு படம், தேதியோடு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் வழக்கு. மைலோ டின்னில் தண்ணீர் பிடித்து வைக்காதீர்கள், நீதிமன்றத்தில் நிற்காது. அதிகாரி கையால் எடுத்து முத்திரை வைத்த மாதிரிதான் செல்லும்.

மச்சானுக்குத் தனி வார்த்தை. கடல் பொதுச்சொத்து என்பதால் பொதுத் தொல்லைக்கு வழக்குப் போட, 1956-ஆம் ஆண்டு அரசாங்க வழக்குகள் சட்டப்படி இரண்டு பேராவது சேர்ந்து, சட்டத்துறைத் தலைவரின் எழுத்துபூர்வ ஒப்புதல் வாங்க வேண்டும். பிடிப்பு குறைந்தது, வலை கெட்டது என்று தனக்கு மட்டுமான நஷ்டத்தைக் காட்ட முடிந்தால் அந்த ஒப்புதல் இல்லாமலே போகலாம். ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கும் முதல் கேள்வி, "உங்கள் சம்பான் படகு மோட்டாருக்கு எண்ணெய் மாற்றியபோது பழையதை எங்கே ஊற்றினீர்கள்?" என்பதாகத்தான் இருக்கும். அதற்குப் பதில் இருந்தால், அடுத்த முறை வலையில் எண்ணெய் ஒட்டும் அன்றைக்கே ஜாஸைக் கூப்பிடச் சொல்லுங்கள். அவர்கள் வந்து பார்க்கும்வரை வலையைக் கழுவ வேண்டாம்.