முடிவைச் சொல்லிவிடாதீர்கள்

கேள்வி: பேய்க்கதைத் தொடர் ஒன்றின் 7 பாகங்களையும் 4 நாளில் தனியாகப் படித்து முடித்தேன். பாதி மறந்துவிட்டது. தோழிகளோடு சேர்ந்து மறுபடி படிக்கலாமா? - வாசகி, குன்னூர்.

பதில்: படியுங்கள். ஆனால் தனியாகப் படிப்பதையும் விட வேண்டாம். கோத்தகிரியில் ஐப்பசி மழை, கரண்ட் இல்லை, மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஒரு பேய்க்கதை படித்துக்கொண்டிருந்தேன். கற்பூர மரக்கிளை தகரக் கூரையில் உரசியது. பக்கத்தைத் திருப்பக் கை வரவில்லை. பக்கத்தில் ஆள் இருந்திருந்தால் அந்தப் பயம் கிடைத்திருக்காது.

சரி, சேர்ந்து படிப்பது? அம்மாவும் பக்கத்து லைன் வீட்டு அக்காவும் வாரப் பத்திரிகைத் தொடர்கதையைக் கொழுந்து பறித்துக்கொண்டே அலசுவார்கள். கிணற்றடியில் நின்றது மூத்தவளா இளையவளா என்று அடுத்த இதழ் வரும்வரை சண்டை. எனக்கு அந்தச் சண்டைதான் கதையைவிடப் பிடித்தது. வேதாளமும் அப்படித்தானே? ஒவ்வொரு கதைக்கும் ஒரு கேள்வி கேட்டது. விக்கிரமாதித்தன் பதில் சொன்னதும் முருங்கை மரம் ஏறிவிட்டது. ஒரே மூச்சில் படித்தால் அந்த இடைவெளி போய்விடுகிறது. உங்களுக்கு மறந்ததும் அதனால்தான் என்று நினைக்கிறேன்.

வாரம் ஒரு பாகம் போதும். யாரும் முந்திப் படிக்கக் கூடாது. அப்புறம், முடிவு தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். தோழிகள் என்ன ஊகித்தாலும் முகத்தில்கூடக் காட்டிவிடாதீர்கள்.