மேக்ஓஎஸ் அப்டேட்டுக்கு அப்புறம் சார்ஜ் நிற்கவில்லையா?

பேட்டரியை இப்போதே மாற்றாதீர்கள். அப்டேட் போட்ட மறுநாளே முழு சார்ஜ் மதியத்துக்குள் தீர்கிறது, மேக்புக் சும்மா இருக்கும்போதும் சூடாகிறது என்கிறீர்கள். அப்படியென்றால் பெரும்பாலும் ஸ்பாட்லைட் (மேக்கின் தேடல் வசதி) எல்லாக் கோப்புகளையும் புதிதாக அட்டவணைப்படுத்திக்கொண்டிருக்கும், போட்டோஸ் ஆப்பும் படங்களை அலசிக்கொண்டிருக்கும்.

எந்த வேலை எவ்வளவு சிபியுவை எடுக்கிறது என்று காட்டும் ஆக்டிவிட்டி மானிட்டர் ஆப்பில் சிபியு பட்டியலைத் திறந்து, வியூ மெனுவில் ஆல் பிராசஸஸ் தேர்ந்தெடுங்கள். ஸ்பாட்லைட்டின் எம்டிஎஸ்_ஸ்டோர்ஸ் (mds_stores), எம்டிவொர்க்கர் (mdworker), போட்டோஸின் போட்டோஅனாலிசிஸ்டி (photoanalysisd) எல்லாம் மேலே நின்றால் காரணம் அதுதான். அவற்றை வலுக்கட்டாயமாக நிறுத்தாதீர்கள், மறுபடி தானாகவே கிளம்பிவிடும், வேலைதான் இன்னும் இழுக்கும். சார்ஜரில் போட்டு, மூடியைத் திறந்தே வைத்து, தூங்கப் போகாதபடி இரவு முழுக்க விடுங்கள். கோப்புகள் நிறைய இருந்தால் இரண்டு மூன்று நாள்கூட ஆகலாம்.

மேலே நிற்பது பிரவுசர் என்றால் கதை வேறு, அதையும் அதன் எக்ஸ்டென்ஷன்களையும் அப்டேட் செய்து பாருங்கள்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். செட்டிங்ஸில் பேட்டரி ஹெல்த் பக்கத்தில் 'சர்வீஸ் ரெகமெண்டட்' என்று வந்தால் இதெல்லாம் பலிக்காது, பேட்டரியே தேய்ந்துவிட்டது. இப்போதைய மேக்புக்குகளில் பேட்டரி 1000 சுழற்சி (ஒரு முழு சார்ஜ் அளவு தீர்வது ஒரு சுழற்சி) வரை 80 சதவீதக் கொள்ளளவைத் தக்கவைக்கும்படிதான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது, அதனால் சுழற்சி எண்ணிக்கையையும் சிஸ்டம் ரிப்போர்ட்டில் பார்த்துச் சொல்லுங்கள்.