போகும்போது 155, வரும்போது 115: எதிர்காற்றில் சைக்கிள் ஓடும் இதயம்

கேள்வி: எனக்கு 52 வயது. பின்னேரங்களில் யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தால் வேலணைப் பக்கம் சைக்கிளில் போய் வருகிறேன். போகும்போது கைமணிக்கூட்டில் துடிப்பு 155 வரை ஏறுகிறது. அதே வேகத்தில் திரும்பும்போது 115தான். சும்மா இருக்கையில் 72. பிரஷருக்குக் குளிசை எடுக்கிறேன். பயப்பட வேண்டுமா?

பதில்: இந்த வித்தியாசத்துக்கு முதற் காரணம் சோளகம். தென்மேற்கிலிருந்து வரும் காற்றைப் போகையில் முகத்திலும் வருகையில் முதுகிலும் வாங்குகிறீர்கள். நீங்கள் மணிக்கு 15 கிலோமீற்றரில் ஓட, காற்றும் எதிரே அதே வேகத்தில் வந்தால் உடம்பில் மோதுவது 30 கிலோமீற்றர் காற்று. மோதும் வேகம் இரண்டு மடங்கானால் தடை நாலு மடங்காகும். யாழ்ப்பாணத்தில் மேடு இல்லையென்று யார் சொன்னது!

220இலிருந்து வயதைக் கழித்தால் உங்கள் உச்சத் துடிப்பு ஏறத்தாழ 168. ஆளுக்காள் 10, 12 கூடிக்குறையும். 155 என்பது அதில் 92 வீதம். நல்ல இதயம் சற்று நேரம் அதைத் தாங்கும். ஆனால் பிரஷர் உள்ள, இதயத்தைப் பரிசோதிக்காத 52 வயதுக்காரர் நாள்தோறும் துடிப்பை அவ்வளவுக்கு ஏற்றுவதை நான் விரும்பமாட்டேன். 72இல் ஒரு துடிப்புக்கு 0.83 செக்கன் கிடைக்கிறது, 155இல் 0.39 மட்டுமே. சுருங்கும் நேரம் கொஞ்சமாகத்தான் குறையும்; வெட்டுப்படுவது பெரும்பாலும் தளரும் நேரம். இதயத் தசை தனக்கான இரத்தத்தைப் பெரும்பாலும் தளரும்போதே பெறுகிறது. அந்த இரத்தத்தைக் கொண்டுவரும் முடியுரு நாடியில் அடைப்பிருந்தால் நெஞ்சுநோ வெளிப்படுவது இப்படித்தான்.

உங்களுக்கு 110 முதல் 130 வரை போதும். கியர் இல்லாத சைக்கிளில் அதற்கு ஒரே வழி, போகையில் மெல்ல மிதிப்பது. வேகத்தைப் பார்க்காமல் மூச்சைப் பாருங்கள்: கதைக்க முடியவேண்டும், பாட முடியக்கூடாது. கிழமைக்கு மொத்தம் 150 நிமிடம் இப்படி ஓடினால் போதுமானது.

குளிசையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. அற்றெனோலோல், பிசோப்ரோலோல் வகையென்றால் அது துடிப்பை அடக்கிவைக்கும். மேலே சொன்ன கணக்கு பொருந்தாது, மூச்சுக் கணக்கு மட்டுமே உதவும். அதை எடுத்தும் 155 காட்டினால் முதலில் மணிக்கூட்டைச் சந்தேகியுங்கள். ஹாண்டிலை இறுக்கிப் பிடித்தாலோ ரோட்டுக் குலுக்கத்திலோ அது பிழையாகக் காட்டும். இறங்கியவுடனே, கால்களை அசைத்தபடியே, மணிக்கட்டு நாடியை 15 செக்கன் எண்ணி நாலால் பெருக்குங்கள். அப்போதும் 155 என்றால் வைத்தியரிடம் காட்டுங்கள். லொசாட்டன், அம்லோடிபின் போன்ற பிரஷர் குளிசைகள் துடிப்பை அப்படி அடக்குவதில்லை. எதுவானாலும் நீங்களாக நிறுத்தவேண்டாம். ட்ரெட்மில் ஈசீஜீ (ஓடும் பட்டியில் நடக்கவிட்டு இதயத்தைப் பதிவுசெய்யும் சோதனை) தேவையா என்றும் வைத்தியரிடம் கேளுங்கள்.

வேலணையில் சட்டென்று இறங்கி நிற்காதீர்கள். கெண்டைக்கால் தசை நின்றுவிட்டால் இரத்தம் காலில் தேங்கித் தலைசுற்றும். கடைசி 5 நிமிடம் மெல்ல மிதியுங்கள். நெஞ்சிறுக்கம், தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் நோ, குளிர்வியர்வை வந்தால் மட்டும் அங்கேயே நிறுத்தி இருந்துகொண்டு 1990 அம்புலன்ஸை அழையுங்கள். திரும்பி ஓடிவரப் பார்க்காதீர்கள்.