கிரயம் எழுதிக் கொடுத்தவரே காலி செய்ய மறுத்தால்?

கேள்வி: முழுத் தொகையையும் வங்கி வழியாகச் செலுத்தி, எட்டு மாதங்களுக்கு முன் ஒரு வீட்டைக் கிரயம் பெற்றேன். பிள்ளைகளின் தேர்வு முடியும்வரை இருந்துகொள்வதாக விற்றவர் கேட்டதால், வாய்மொழியாக மூன்று மாதம் அவகாசம் கொடுத்தேன். இப்போது, கடனுக்கு ஈடாகத்தான் எழுதிக் கொடுத்தேன் என்கிறார். அவர் வெளியூர் போகும்போது பூட்டை மாற்றிவிடலாமா?

பதில்: பூட்டில் கை வைக்காதீர்கள். ஒருவரைச் சட்ட வழியில் அல்லாமல் வெளியேற்றினால், வீடு யாருடையது என்ற விசாரணைக்கே போகாமல், ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு அவர் மீண்டும் உள்ளே வர 1963-ஆம் ஆண்டின் ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டம், பிரிவு 6 இடம் தருகிறது. மின் இணைப்பைத் துண்டிப்பதும் வேண்டாம்.

சுவாதீனத்தை, அதாவது வீட்டை நேரடியாகக் கைவசம், ஒப்படைப்பது விற்றவரின் கடமை என 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 55 கூறுகிறது. எனவே, கொடுத்த அனுமதியை ரத்து செய்து வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டு, சுவாதீனம் கோரி உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடருங்கள். அவகாசம் முடிந்த நாள் முதல் வீட்டை அனுபவித்ததற்கான இழப்பீட்டையும், வேறு யாரையும் குடியமர்த்தாதிருக்க இடைக்காலத் தடையையும் அதிலேயே கேட்கலாம்.

உங்கள் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். "இன்றே சுவாதீனம் ஒப்படைத்துவிட்டேன்" என்ற வழக்கமான வரி அநேகமாக அதில் இருக்கும். பத்திர எழுத்தர்கள் யோசிக்காமல் சேர்க்கும் இந்த வரியைக் காட்டித்தான், ஒப்படைக்காததை ஒப்படைத்ததாக எழுதிய பத்திரம் வெறும் பெயரளவுக்கானது என்று எதிர்த்தரப்பு வாதிடும். அவர் கேட்டு, நீங்கள் அனுமதித்துத்தான் தங்கினார் என்ற உண்மையை வழக்குரையில் மறைக்காமல் எழுதிவிட்டால் அந்த வாதம் வலுவிழக்கும். அவகாசம் கேட்டு அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி ஏதாவது இருந்தால் அது பெரிய துணை.

கிரயமே அடமானம்தான் என்று வாதிடுவதற்கு, பணத்தைத் திருப்பினால் சொத்தும் திரும்பும் என்ற நிபந்தனை அதே பத்திரத்தில் இருக்க வேண்டும் என்கிறது சொத்து மாற்றுச் சட்டத்தின் பிரிவு 58. ஆனால், பத்திரமே விற்கும் நோக்கில் எழுதப்படவில்லை என்று வாய்மொழிச் சாட்சியம் அளிக்க அவருக்கு வழி உண்டு. ஆகவே வங்கி ரசீதுகள், பட்டா, வீட்டு வரி ரசீது ஆகியவற்றைத் திரட்டி வையுங்கள்.

ஒன்றில் மட்டும் விழிப்பாக இருங்கள். திடீரென உங்கள் வங்கிக் கணக்கில் 'வாடகை' என்ற குறிப்புடன் ஒரு தொகை வரவாகலாம். வாடகைதாரர் என்று சொல்லிக்கொள்ள அது அவருக்குப் போதும் என்பதால், அன்றே திருப்பி அனுப்பி, காரணத்தையும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.