ஹெர்ம்ஸ் லைட் 2 ரேடியோ லேன் கேபிளில் விட்டு விட்டுக் கேட்கிறது. விண்டோஸில் நெட்வொர்க் அடாப்டர் செட்டிங்கை எப்படி மாற்றுவது?

வணக்கம் ஓஎம் (ஹாம் நண்பரே).

உங்கள் கேள்வியில் இருப்பது இது: ஹெர்ம்ஸ் லைட் 2 என்ற ஹாம் ரேடியோவை (கம்ப்யூட்டர் மென்பொருளோடு சேர்ந்து இயங்கும் எஸ்டிஆர் வகை) லேப்டாப்போடு நேராக லேன் கேபிளில் இணைத்திருக்கிறீர்கள், இணையம் வைஃபையில் வருகிறது. எஃப்டி8 என்ற டிஜிட்டல் முறையைக் கேட்கும்போது வாட்டர்ஃபாலில் (சிக்னல்களைக் காட்டும் ஓடும் திரையில்) அவ்வப்போது வெட்டு விழுகிறது, சில நேரம் ரேடியோவே காணாமல் போய்விடுகிறது. இதற்காகத் தேடினால் இருபது முப்பது செட்டிங் கொண்ட பட்டியல்கள் வந்து விழும். அவற்றில் பாதி கேம் ஆடுபவர்களுக்காக எழுதப்பட்டவை. நமக்கு வேலைக்கு ஆகிறவை மூன்று நான்குதான். நானும் இதே ரேடியோவை விண்டோஸ் லேப்டாப்பில்தான் ஓட்டுகிறேன்.

செட்டிங்கில் கை வைப்பதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. இந்த ரேடியோ 1032 பைட் அளவுள்ள யூடிபி பாக்கெட்டுகளை அனுப்புகிறது. ஒரே ரிசீவர் ஓடினால் ஒரு பாக்கெட்டில் 126 சாம்பிள் இருக்கும். சாம்பிள் ரேட் 48 கிலோஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 381 பாக்கெட். 384 கிலோஹெர்ட்ஸ் என்றால் சுமார் 3,050 பாக்கெட், அதாவது 25 மெகாபிட். கிகாபிட் போர்ட்டுக்கு இதெல்லாம் ஒரு பாரமே இல்லை. ஆகவே 'வேகத்தைக் கூட்டும்' செட்டிங் எதுவும் உங்களுக்குத் தேவையில்லை. யூடிபியில் தொலைந்த பாக்கெட் தொலைந்ததுதான், மறுபடி அனுப்பு என்று கேட்க வழியில்லை. சிக்கல் அங்கேதான். ஒன்றிரண்டு போனால் எஃப்டி8 தாங்கிக்கொள்ளும். 12.64 விநாடி நீளமுள்ள ஒரு அழைப்பின் நடுவில் லிங்க் இரண்டு மூன்று விநாடி அறுந்தால்தான் டீகோட் ஆவது சந்தேகம்.

அடுத்து, வெட்டு நெட்வொர்க்கில்தான் விழுகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு பாக்கெட்டிலும் 32 பிட் வரிசை எண் ஒன்று வருகிறது. அது தாவினால் தீட்டிஸ் போன்ற ரேடியோ மென்பொருள் சீக்வென்ஸ் எர்ரர் என்று காட்டும். வெட்டு விழும்போது அந்த எண்ணிக்கை ஏறுகிறதா? ஏறினால் கீழே படியுங்கள். ஏறவே இல்லை, ஆனாலும் சத்தம் விக்குகிறது என்றால் அடாப்டர் மேல் பழி போடாதீர்கள். ரேடியோ மென்பொருளின் ஒலியை எஃப்டி8 மென்பொருளுக்குக் கொண்டுபோகும் விர்ச்சுவல் ஆடியோ கேபிளைப் பாருங்கள். ஒரு முனை 44,100, மறுமுனை 48,000 ஹெர்ட்ஸ் என்று இருப்பது அடிக்கடி நடக்கிற கதை. 'நெட்வொர்க் பிரச்சினை' என்று வருகிற புகார்களில் கணிசமானவை இந்த வகைதான் என்பது என் எண்ணம்.

சரி, எண்ணிக்கை ஏறுகிறது என்றே வைத்துக்கொள்வோம். டிவைஸ் மேனேஜரில் உங்கள் ஈதர்நெட் அடாப்டரின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து அட்வான்ஸ்டு தாவலுக்குப் போங்கள். முதலில் அணைக்க வேண்டியது எனர்ஜி எஃபிஷியன்ட் ஈதர்நெட், அதாவது பாக்கெட் ஓடாத நேரத்தில் லிங்க்கைத் தூங்கவைக்கும் வசதி. ரியல்டெக் சிப் என்றால் கூடவே கிரீன் ஈதர்நெட், பவர் சேவிங் மோட் என்று வேறு பெயர்களும் இருக்கும். மின்சாரத்தை மிச்சப்படுத்துகிற மாதிரி எது கண்ணில் பட்டாலும் டிசேபிள் செய்யுங்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. எனர்ஜி எஃபிஷியன்ட் ஈதர்நெட்டுக்கு 2010-இல் வந்த தர நிர்ணயத்தின்படி கிகாபிட் லிங்க் தூக்கத்திலிருந்து எழ 16.5 மைக்ரோவிநாடி போதும். உங்கள் பாக்கெட்டுகளுக்கு இடையிலான இடைவெளி 384 கிலோஹெர்ட்ஸிலும் 300 மைக்ரோவிநாடிக்கு மேல். கணக்குப்படி பார்த்தால் இந்த வசதியால் எந்தத் தொல்லையும் வரக்கூடாது. நடைமுறையில், இரண்டு முனையிலும் வேறு வேறு சிப் இருக்கும்போது ஒன்றின் தூக்கம் மற்றொன்றுக்குச் சரியாகப் புரியாமல் லிங்க்கே அறுந்துவிடுவது உண்டு. அறுந்தால் மறுபடி பேசி முடிவெடுக்கச் சில விநாடிகள். உங்கள் ரேடியோ காணாமல் போய்த் திரும்பி வருவதற்கு நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

அடுத்தது பவர் மேனேஜ்மென்ட் தாவல். மின்சாரம் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்று கம்ப்யூட்டருக்கு அனுமதி தரும் டிக்கை எடுத்துவிடுங்கள். அந்தத் தாவலே இல்லையென்றால் பதற வேண்டாம், மாடர்ன் ஸ்டான்ட்பை உள்ள பல லேப்டாப்களில் அது காட்டப்படுவதில்லை. உங்களுடையது யூஎஸ்பியில் செருகும் லேன் டாங்கிள் என்றால் பவர் ஆப்ஷன்ஸில் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டையும் அணைக்க வேண்டும். டாங்கிளை ஹப்பில் செருகாமல் லேப்டாப்பிலேயே நேராகச் செருகுவது நல்லது. மவுஸ், ரேடியோவைக் கட்டுப்படுத்தும் கேட் இடைமுகம், சவுண்ட் கார்டு எல்லாம் தொங்கும் ஹப்பில் அதற்குப் போய் இடம் தேடாதீர்கள்.

ரிசீவ் பஃபர்ஸ் (வந்த பாக்கெட்டுகள் காத்திருக்கும் இடம்) என்பதை இருக்கிற அதிகபட்சத்துக்கு ஏற்றலாம். 256 என்று இருந்தால் 384 கிலோஹெர்ட்ஸில் அது சுமார் 84 மில்லிவிநாடிக்குத் தாங்கும். 2048 என்றால் அரை விநாடிக்கும் மேல். விண்டோஸ் வேறு ஏதோ வேலையில் மூழ்கும்போது இது காப்பாற்றும். பஃபர் நிரம்பினால்தானே தாமதம், எனவே மோர்ஸ் அடிப்பவர்களும் பயப்படத் தேவையில்லை.

மற்றவற்றை விட்டுவிடுங்கள். ஜம்போ ஃபிரேம் (பெரிய பாக்கெட்டுகளுக்கானது) வீண், பாக்கெட்டே 1032 பைட்தான், வழக்கமான 1500-க்குள் அடங்கிவிடுகிறது. இன்டரப்ட் மாடரேஷனை (பாக்கெட்டுகளைச் சேர்த்துவைத்து சிபியூவுக்குச் சொல்லும் வசதியை) அணைத்தால் கிடைக்கும் லாபம் சில நூறு மைக்ரோவிநாடி, அதற்குச் செலவாகிற சிபியூ பழைய லேப்டாப்பில் வேறு வெட்டுகளைக் கொண்டுவரும். ஸ்பீட் அண்ட் டூப்ளெக்ஸை ஆட்டோவிலேயே வையுங்கள். ஒரு முனையை மட்டும் 100 ஃபுல் என்று கட்டிப்போட்டால் மறுமுனை ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு (ஒரு நேரத்தில் ஒரு திசை மட்டும்) இறங்கிவிடும், அப்புறம் வருகிற பாக்கெட் இழப்பு இப்போது இருப்பதைவிட மோசம்.

ரெஜிஸ்ட்ரியில் நெட்வொர்க் த்ராட்லிங் இண்டெக்ஸ் என்று ஒன்று உண்டு, எஸ்டிஆர் வட்டாரத்தில் இதை மந்திரம் போலச் சொல்வார்கள். மல்டிமீடியா ஓடும்போது விண்டோஸ் மற்ற நெட்வொர்க் பாக்கெட்டுகளை மில்லிவிநாடிக்குப் பத்து, அதாவது நொடிக்குப் பத்தாயிரம் என்ற அளவில் நிறுத்திவைக்கும். அந்த வரம்பை நீக்குவதுதான் இது. நீங்கள் இருப்பதோ மூவாயிரத்தில். நான்கு ரிசீவர்களை 384 கிலோஹெர்ட்ஸில் ஓட்டினால் பாக்கெட் எண்ணிக்கை நொடிக்குச் சுமார் 10,100 ஆகும், வரம்பு அப்போதுதான் இடிக்கும். பல பேண்டுகளை ஒரே நேரத்தில் தானாகக் கேட்கும் ஸ்கிம்மர் வைப்பவர்கள் தொடட்டும், உங்களுக்கு வேண்டாம்.

ரேடியோ 'கிடைக்கவில்லை' என்று மென்பொருள் சொல்வது பெரும்பாலும் வேறு காரணத்தால். நேர் கேபிளில் ஐபி முகவரி கொடுக்க ரவுட்டர் இல்லை, அதனால் இரண்டு முனையும் காத்திருந்து பார்த்து 169.254 என்று தொடங்கும் முகவரியைத் தாங்களே எடுத்துக்கொள்கின்றன. அதற்குள் மென்பொருளைத் திறந்தால் ரேடியோ தெரியாது. லேப்டாப் பக்கம் 169.254.10.10, மாஸ்க் 255.255.0.0 என்று கையால் போட்டுவிடுங்கள். கேட்வே கட்டத்தைக் காலியாக விடுங்கள். அப்போதுதான் இணையம் குழப்பமில்லாமல் வைஃபை வழியே போகும், எஃப்டி8-க்கு வேண்டிய கடிகாரச் சரிபார்ப்பும் நடக்கும். இன்னொன்று, இந்த நேர் இணைப்பை விண்டோஸ் 'அடையாளம் தெரியாத நெட்வொர்க்' என்று சொல்லி பப்ளிக் வகையில் போடும். ஃபயர்வால் அனுமதி கேட்டபோது நீங்கள் பிரைவேட்டுக்கு மட்டும் டிக் செய்திருந்தால் ரேடியோவின் பதில் வாசலிலேயே நின்றுவிடும். பப்ளிக்கையும் டிக் செய்யுங்கள்.

கடைசியாக, நீங்கள் எழுதாத ஒரு கேள்வி: லிங்க் அறுவது டிரான்ஸ்மிட் செய்யும்போது மட்டுமா? அப்படியானால் மேலே சொன்ன எதுவும் உதவாது. ரேடியோவின் 5 வாட் இதைச் செய்வது அரிது. பின்னால் ஒரு ஆம்ப்ளிஃபையர் வைத்து 50, 100 வாட் ஆக்கி, மொட்டை மாடியில் எண்ட்ஃபெட் (ஒரு முனையில் சிக்னல் ஊட்டும்) ஆன்டெனா கட்டியிருந்தால், ஆன்டெனா கேபிளான கோஆக்ஸின் வெளித்தோல் வழியாக ஆர்எஃப் (ரேடியோ அலை) அறைக்குள் இறங்கி லேன் கேபிளில் ஏறிவிடும். பவரைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். இல்லையென்றால் ஆன்டெனாவுக்குப் பதில் டம்மி லோடு (அலையை வெளியே விடாமல் பவரை விழுங்கும் சுமை) போட்டு டிரான்ஸ்மிட் செய்யுங்கள். டம்மி லோடில் லிங்க் அறாமல் இருக்கிறது, ஆன்டெனாவில் அறுகிறது என்றால் குற்றவாளி ஆர்எஃப்தான். 31 ரக ஃபெரைட் வளையத்தில் லேன் கேபிளை ஏழெட்டுச் சுற்று சுற்றி, ரேடியோவுக்குப் பக்கத்தில் வையுங்கள். கோஆக்ஸிலும் இதே போல ஒரு சோக் (ஆர்எஃப் தடுப்பு) போடுங்கள், உண்மையில் முதலில் போட வேண்டியது அங்கேதான். ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும் பெயர் தெரியாத கிளிப் ஃபெரைட்டுகளை நம்பி இறங்காதீர்கள். அவை என்ன ரகம் என்று பார்த்துச் சொல்ல முடியாது, ஒரே சுற்றில் கீழ் பேண்டுகளில் ஒன்றும் செய்யவும் செய்யாது. ஷீல்டு போட்ட கேபிள் வாங்கவும் வேண்டாம். ஷீல்டு இல்லாத சாதாரண லேன் கேபிளில் இரண்டு முனையிலும் டிரான்ஸ்ஃபார்மர் இருப்பதால் கம்ப்யூட்டரின் கிரவுண்டும் ரேடியோவின் கிரவுண்டும் தனித்தனியே நிற்கும். ஷீல்டு அவற்றை ஒட்டவைத்துவிடும்.

எல்லாம் சரியான பின் அட்வான்ஸ்டு தாவலை மொபைலில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் அப்டேட் டிரைவரை மாற்றும்போது இந்த செட்டிங்குகள் சொல்லாமல் கொள்ளாமல் பழைய நிலைக்குப் போய்விடும். சீக்வென்ஸ் எர்ரர் எண்ணிக்கை ரிசீவில் எவ்வளவு, டிரான்ஸ்மிட்டில் எவ்வளவு என்று பார்த்துக் கீழே எழுதுங்கள், மேற்கொண்டு பேசலாம்.

73 (வாழ்த்துகள்).