மேட்டூருக்குக் கீழே காவிரியில் சிக்கிய 6 கிலோ மீன்

வணக்கம் நண்பரே. செதில் இல்லை, மீசை உண்டு, நீளம் 90 செ.மீ., ஊரில் வாளை என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். படத்தைப் பார்த்தால் வாளை இல்லை, ஆப்பிரிக்கக் கெளுத்தி.

முதலில் முதுகைப் பாருங்கள். தலைக்குச் சற்றுப் பின்னால் தொடங்கும் துடுப்பு வால்வரை ஒரே நீளமாக ஓடுகிறது. வாளைக்கு முதுகுத் துடுப்பு சின்னக் கொத்துபோல இருக்கும், மீசை இரண்டு சோடிதான், வாய்ப்பிளவு கண்ணையும் தாண்டிப் போகும், உடம்பு பக்கவாட்டில் தட்டை. உங்கள் மீனுக்கு நான்கு சோடி மீசை. தலைதான் மேலிருந்து தட்டை, தொட்டால் ஓடுபோலக் கெட்டி. நம் நாட்டுக் கெளுத்தி இனமான தேளியும் இதே சாயல்தான், குழப்பம் அங்கேதான் வரும். ஆனால் அது அரை மீட்டரைக்கூட எட்டாது. சின்ன மீன் கிடைத்தால் பிடரி எலும்பைத் தடவுங்கள்: நாட்டு மீனில் வளைவாக முடியும், இதில் கூராக முடியும்.

தயவுசெய்து ஆற்றில் திரும்ப விடாதீர்கள். 2000-இல் மத்திய அரசு இதன் வளர்ப்பைத் தடை செய்தது. பண்ணைகளிலிருந்து தப்பியவை நாட்டு மீன்களையும் அவற்றின் குஞ்சுகளையும் தின்கின்றன. கரையில் போட்டால் செத்துவிடும் என்றும் நம்ப வேண்டாம். காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு இருப்பதால் ஈரம் இருக்கும்வரை பல மணிநேரம் தாங்கும், நெளிந்தே தண்ணீருக்குப் போய்விடும். கனமான கட்டையால் தலையில் ஓங்கி அடித்து உடனே கொன்றுவிடுங்கள், அதுவே அதற்கும் வலி குறைவு. தூக்கும்போது மார்புத் துடுப்பின் முன்முள் கவனம். ரம்பப் பல் உண்டு, கையைக் கிழிக்கும்.